நாலு பல் கூடுதல்

மால்சுனுக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அப்பா. நாலு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததும், இதோடு நிற்கட்டும் என்று 'கடைசிப் பெண்' என்கிற பொருளில் வைத்துவிட்டார். பெயர் பலிக்கவில்லை. அவளுக்குப் பின்னாலும் இரண்டு தங்கைகள் பிறந்தார்கள். "பேருலயே பொய்யோட பொறந்தவ நான்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஒரு பொய் தன்னை எவ்வளவு நாள் தூங்கவிடாமல் செய்யும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

பத்தொன்பது வயதில் சியோலுக்கு வந்தாள். அங்கே சுங்முரோ தெருவில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை ஒன்றில் பதினாலு வருஷம் கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். எந்த வண்டிக்கு முன் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் எத்தனை பல், செயினில் எத்தனை கண்ணி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். பிறகு அதே தெருவில் இரண்டு வண்டி நிறுத்தினால் மூன்றாவதுக்கு இடமில்லாத ஒரு கடையைப் பிடித்து, தானே ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். ஆரம்பத்தில் ஒரு பொம்பளையிடம் வண்டியைக் கொடுக்க ஆண்கள் யோசித்தார்கள். பல்சக்கரம் மாற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று தெரிந்ததும் வரிசையில் நின்றார்கள்.

துணிமூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுத்தெருக்களில் ஏறுகிறவனுக்கு ஒரு மாதிரி, ஆற்றுப் பாலங்களைத் தாண்டி ஓடுகிறவனுக்கு வேறு மாதிரி.

"முன்னாடி பல்லு கூடினா ஓட்டம் கூடும். பின்னாடி பல்லு கூடினா இழுவை கூடும், ஓட்டம் கொறையும். ரெண்டும் சேர்ந்து வேணும்னு கேக்காதீங்க. சமைக்கவும் தெரிஞ்சு, பேசாமலும் இருக்கிற பொண்டாட்டி வேணும்னு கேக்குற மாதிரி அது" என்பாள்.

அவளுடைய கணவன் மா சங்டோ ஆற்றுப் பாலங்களைத் தாண்டி ஓடுகிற ரகம். அவசர டெலிவரிக்காரன். சுங்முரோ அச்சகச் சந்துகளிலிருந்து பிலிம், தகடு, மாதிரித் தாள் என்று வாங்கிக்கொண்டு ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் விளம்பரக் கம்பெனிகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். ஒரு தடவை நாம்சான் மலைக்குள் குடைந்த சுரங்கப்பாதை வழியாகப் போய், ஹன்னாம் பாலத்தைத் தாண்டி, பன்னிரண்டே நிமிஷத்தில் கவரைக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் 'பன்னெண்டு'. தோளில் தொங்கும் வாக்கிடாக்கியில் அவசரமான வேலை வந்தால், அனுப்புகிறவரே "பன்னெண்டு எங்க இருக்கான்?" என்றுதான் கேட்பார். நாற்பத்தாறு வயதில் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் சங்டோவின் முதுகு ஒரு விரல் நிமிரும். மால்சுன் அதைப் பார்த்திருக்கிறாள்.

1998 ஏப்ரலில் கிபால் என்கிற டெலிவரிக்காரன் அதே ஹன்னாம் பாலத்தில் செத்துப்போனான். சங்டோவோடு தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டவன். துக்கவீட்டில் சிவப்பாகக் கொதிக்கக் கொதிக்க வைத்த மாட்டுக்கறிச் சூப்பை மால்சுனால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை. கிபாலின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, காலைல சண்டை போட்டுத்தான் அனுப்பினேன், அக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் மால்சுன் கேட்டாள். "போமி அப்பா, கொஞ்சம் மெதுவாப் போனா என்ன?"

போமி அவர்களுடைய ஒரே மகள். பூசானில் நர்ஸ் படிப்பில் இருந்தாள்.

"மெதுவாப் போறவனுக்கு எதுக்கு அவசர டெலிவரின்னு பேரு?" என்றான் சங்டோ. "கை மெதுவாச்சுன்னா வாயும் மெதுவாத்தான் மெல்லணும். வங்கியே மூடிட்டுக் கெடக்கிற வருஷத்துல பேசுற பேச்சா இது?"

இரண்டு மாதம் கெஞ்சினாள், திட்டினாள், ஒரு நாள் அழுதும் பார்த்தாள். அவன் அவள் தோளைத் தட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு. சங்டோ சிநேகிதர்களோடு மலையேறப் போயிருந்தான். சாயங்காலம் மக்கொல்லி என்கிற அரிசிக்கள் வாசனையோடுதான் வருவான். மாதத்துக்கு ஒரு தடவை அந்த நாளில்தான் அவன் வண்டியை அவள் பிரித்துத் துடைத்து எண்ணெய் விடுவாள். அன்றைக்குப் பின்சக்கரத்தைக் கழற்றினவள், முப்பத்தெட்டுப் பல் இருந்ததை எடுத்துவிட்டு முப்பத்தொன்பது பல் சக்கரத்தை மாட்டினாள். பழைய செயின் நீண்டு தொய்ந்திருந்ததால் அச்சைக் கொஞ்சம் முன்னால் தள்ளினதும் சரியாக உட்கார்ந்துகொண்டது. புதுச்சக்கரம் பளபளத்தது. அழுக்கு எண்ணெயைத் துணியில் தொட்டு அதன்மேல் தேய்த்தாள். அப்படித் தேய்க்கும்போதுதான் முதல் தடவை நெஞ்சில் சுருக்கென்றது. கணவனின் உயிருக்காகச் செய்கிற காரியத்துக்கு எதற்கு அழுக்குப் பூச வேண்டும்?

மறுநாள் சாயங்காலம் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். "உன் கையில ஏதோ மந்திரம் இருக்கு போமி அம்மா. சிக்னல்ல கெளம்புறப்ப வண்டி சும்மா துள்ளுது."

துள்ளத்தான் செய்யும். இழுவை கூடிவிட்டதே. அவள் சிரித்து வைத்தாள்.

ஆகஸ்டில் நாற்பது போட்டாள். பாலத்தின் மேல் நூற்றைந்துக்குப் போய்க்கொண்டிருந்த மீட்டர் முள் அதற்குப் பிறகு நூறைத் தொடவே திணறியது. "எஞ்சின் கத்துதே தவிர வண்டி ஓட மாட்டேங்குது. பெட்ரோலும் ஜாஸ்தி குடிக்குது" என்று சங்டோ சொன்னான். "வண்டிக்கு வயசாகலயா? ஒன்பது வருஷமாச்சே" என்றாள் மால்சுன். பிஸ்டனைப் பார்க்கிறேன் என்று சொல்லி எஞ்சினைப் பிரித்தாள். ஒரு குறையும் இல்லாத எஞ்சினைத் திரும்பவும் பூட்டிக் கொடுத்தாள். நாள் பூராவும் செய்த பொய்வேலை அது.

அக்டோபரில் நாற்பத்திரண்டு. இந்தத் தடவை அச்சைத் தள்ள இடம் போதவில்லை. பழைய செயின் எட்டவே இல்லை. இரண்டு கண்ணி கூடுதலாக வைத்துப் புதுச்செயினை வெட்டி மாட்டி, லாக் போட்டாள். "பழசு தேஞ்சுடுச்சு, புதுசு போட்டிருக்கேன்" என்று அவனிடம் சொன்னாள். அவன் நன்றி சொன்னான். பெண்டாட்டி கையால் சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவில் ஒரு செயினை மாட்டிக்கொண்டு போகிற ஆள் தான் ஒருவன்தான் இந்தத் தெருவில் என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டான்.

அதே மாதம்தான் பாங் என்கிற புது டெலிவரிக்காரன் அவள் கடைக்கு வந்தான். முன்பு வங்கிக் குமாஸ்தா. வங்கியில் ஆட்குறைப்பு செய்ததும் இந்த வேலைக்கு வந்தவன். முப்பத்தைந்து வயது. வாடிக்கையாளரிடம் இன்னமும் வங்கிக் கவுண்டரில் குனிகிற மாதிரி குனிவான்.

"அண்ணி, பாலத்துல ஓட்டம் வேணும். பின்னாடி முப்பத்தாறு போடுங்க."

"ஏற்றத்துல அழுவும், சொல்லிட்டேன்."

"அழட்டும் அண்ணி. நான் அழுததைவிடவா?"

அவள் போட்டுக் கொடுத்தாள். கேட்கிறவனுக்குக் கேட்டதைச் செய்வதுதானே தொழில். ஒரே மாதத்தில் தன் கணவனுக்கு இரண்டு பல் கூட்டியும் இன்னொருத்தி கணவனுக்கு இரண்டு பல் குறைத்தும் விட்டோம் என்பது அன்றிரவு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. பாங்குக்கு மனைவி இருக்கிறாளா என்றுகூட அவள் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள் ஒரே அச்சகத்திலிருந்து இரண்டு கவர்கள் ஒரே நேரத்தில் கிளம்பின. ஒன்றை சங்டோ எடுத்தான், மற்றதை பாங். பாங் பன்னிரண்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தான். சங்டோவுக்குப் பதினாறு. அதற்கப்புறம் வாக்கிடாக்கியில் "பன்னெண்டு எங்க?" என்று கேட்டால் இரண்டு பேரும் பதில் சொல்லாமல் இருந்தார்கள். பிறகு பாங் மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்து சொன்னான்.

"இதுல தப்பா எடுத்துக்க என்னடா இருக்கு? கெழட்டுக் குதிரைக்குப் புல்லு போதும்" என்று சங்டோ சிரித்தான்.

சிரித்தவன் அந்த வாரமே தெம்புக்கு மருந்து தேடினான். சிவப்பு ஜின்செங் சாறு வாங்கிக் குடிக்க ஆரம்பித்தான். ஒரு நாள் மூக்குக்கண்ணாடியோடு வந்து நின்றான்.

"கண்ணு மங்கினதாலதான் கை பயப்படுதுன்னு தோணுச்சு. டாக்டர் லேசான பவர்னுதான் சொன்னாரு. எப்படி இருக்கு?"

கறுப்புச் சட்டம். காதோரம் அழுத்தி, அந்த இடம் சிவந்திருந்தது. மால்சுன் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணாடியை மட்டும் பார்த்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கிபாலின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு அழுதது ஞாபகம் வந்தது. வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

அவள் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. பாலத்தில் விட்ட நேரத்தை சங்டோ சிக்னல்களில் பிடித்துக்கொண்டிருந்தான். வண்டி சிக்னலிலிருந்து துள்ளுகிறதே! அந்தத் துள்ளலை நம்பி, குறுக்கே போகிற வண்டிகளுக்கு மஞ்சள் விழுந்ததுமே, தனக்குப் பச்சை விழும் முன்னால், பாய்ந்து போனான். மதியச் சாப்பாட்டை விட்டான். நடைபாதையில் ஏறினான். முன்பு வேகமாக ஓட்டினாலும் விளக்கை மதிக்கிறவன் அவன். அது தெருவுக்கே தெரியும். அந்த சங்டோவை அவள் இப்படி மாற்றிவிட்டாள். பாங்தான் ஒரு நாள் கடை வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணி, அண்ணன்கிட்டச் சொல்லுங்க. நேத்து அவரு போன போக்கைப் பார்த்து நானே வண்டியை ஓரங்கட்டிட்டேன்."

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுவது என்று அவள் தீர்மானித்தாள். முப்பத்தெட்டுப் பல் சக்கரத்தைத் துடைத்து மேஜைமேல் எடுத்தும் வைத்தாள். அன்று செவ்வாய். வியாழக்கிழமை விபத்து நடந்தது.

டிசம்பர் என்றால் அச்சகச் சந்துகளில் காலண்டர் சீசன். யாங் தல்சு என்கிற அறுபத்துமூன்று வயதுக்காரர் கைவண்டி நிறையக் காலண்டர் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, யுல்ஜிரோ நாலுமுனையில் விளக்கு மாறுகிற கடைசி நொடியில் கடந்துகொண்டிருந்தார். சங்டோ பச்சையின் முதல் நொடிக்கு முன்னாலேயே பாய்ந்துவிட்டான். கைவண்டி கவிழ்ந்தது. பெரியவருடைய வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. சங்டோவுக்குத் தோள் எலும்பு. வரப்போகிற வருஷத்தின் தாள்கள் தெருவெல்லாம் பறந்தன.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருக்க, சங்டோ ஒன்றையும் மறைக்கவில்லை. "சிகப்புல வந்தது நான்தாங்க. அவரு மேல தப்பே இல்ல." போலீஸ்காரர் போனதும் மனைவியைப் பார்த்தான். கண்ணாடி உடைந்துபோயிருந்தது. "மன்னிச்சுடு போமி அம்மா. வயசாயிடுச்சு. முன்ன மாதிரி கை சொன்னபடி கேக்க மாட்டேங்குது. ஒத்துக்க மனசு வரல, அதான் இப்படி ஆயிடுச்சு."

அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். அதைத் தாங்குவதற்குப் பதில் அந்த வண்டி தன் மேலேயே ஏறியிருக்கலாம் என்று மால்சுனுக்குப் பட்டது. அப்போதும் அவள் சொல்லவில்லை. அவன் காயத்தோடு இருக்கிறான், ஆறட்டும் என்று தனக்குத்தானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் பைன்கொட்டைக் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு, அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த யாங் பெரியவரைப் பார்க்கப் போனாள். அவர் கஞ்சியை வாங்கி ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மி" என்று தொடங்கினார். அவள் அழ ஆரம்பித்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜூன், ஆகஸ்ட், அக்டோபர். பல், கண்ணி, துள்ளல்.

"ஏம்மா, நான் இழுக்கிறது கைவண்டி. அதுல பல்லும் இல்ல, செயினும் இல்ல. நீ சொல்றதுல பாதி எனக்குப் புரியல" என்றார். "புரிஞ்ச பாதியைச் சொல்றேன் கேளு. இதை எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? என் காலு சேந்துடுமா? சொல்ல வேண்டிய ஆளு மாடியில படுத்திருக்கான். அவனை விட்டுட்டு எங்கிட்ட வந்து பாரத்தை எறக்குற. நான் பாரம் இழுக்கிறவன்தான், அதுக்காக எல்லார் பாரத்தையும் இழுக்கணுமா?"

கொஞ்ச நேரம் கழித்துத் தன் கவலையைச் சொன்னார். காலண்டர் சீசனில் வண்டி ஓடாவிட்டால் அச்சகக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். வசந்தத்தில் கால் சரியானாலும் இழுக்க ஒன்றும் இருக்காது.

மால்சுன் நெளிந்துபோன கைவண்டியைத் தன் கடைக்குக் கொண்டுவந்து, சக்கரத்தை நிமிர்த்தி, உடைந்த இடத்தைப் பற்றவைத்தாள். மறுநாளிலிருந்து மத்தியானம் ஆனால் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டுப் பெரியவரின் கட்டுகளை அவளே இழுத்தாள். முதல் நாள் உள்ளங்கை கொப்புளித்தது. அச்சகக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. புண்ணியத்துக்காகச் செய்கிறாள் என்று தெருவில் பாராட்டினபோது கூசிப்போனாள். பத்து நாளில் யாங் பெரியவர் மாவுக்கட்டோடு வந்து அச்சக வாசலில் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"வலது பக்கம் ஒடி! வலது! மோட்டார் சைக்கிள்னு நெனப்பா? பிரேக் எங்கன்னு தேடுறா பாரு!"

அவருடைய திட்டு அவளுக்கு வேண்டியிருந்தது.

சங்டோ வீட்டுக்கு வந்து நாலாம் நாள், கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். முன்பக்கம் நசுங்கிய வண்டி மூலையில் நின்றது.

"இதை வித்துடு போமி அம்மா."

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. முன்பக்கத்தை மாத்திடலாம்."

"வண்டியைச் சொல்லல. என்னைச் சொல்றேன்."

மால்சுன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "உங்களுக்கும் ஒண்ணும் இல்ல. பின்சக்கரத்துப் பல்லை எண்ணிப் பாருங்க."

அவனுக்குப் புரியவில்லை. குந்தி உட்கார்ந்து, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். திரும்பவும் எண்ணினான்.

"நாப்பத்திரெண்டு. என் வண்டிக்கு முப்பத்தெட்டுல்ல?"

"ஜூன்ல ஒண்ணு கூட்டினேன். ஆகஸ்ட்ல ஒண்ணு. அக்டோபர்ல ரெண்டு. கிபால் போனதுக்கப்புறம் எனக்கு வேற வழி தெரியல."

அவன் எழுந்திருக்கவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "கண்ணாடி வாங்கிட்டு வந்தேனே, அப்பத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நல்லாருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "வேகத்தைக் கொறைச்சதுக்குக் கோவப்படல. நான் உயிரோட இருக்கணும்னு நெனச்ச. சரி. ஆனா ஆறு மாசமா என்னைக் கெழவனாக்கிட்டியேடி. ராத்திரி குளியலறைக் கண்ணாடி முன்னாடி நின்னு, கையை நீட்டி நடுங்குதான்னு பாத்துக்கிட்டிருந்தேன் நான். அது தெரியுமா உனக்கு?"

அது அவளுக்குத் தெரியாது.

வாசலுக்குப் போனவன் நின்றான். "யாங் பெரியவர் காலு என் தப்பு. அதையும் நீயே எடுத்துக்காத. சிகப்புல பாஞ்சது நான்."

அவள் எடுத்துக்கொண்டாள். இன்னொருவர் சொல்லி இறக்கி வைக்கிற பாரமாக அது இல்லை.

அன்று சாயங்காலமே வண்டியை நிமிர்த்தி, முப்பத்தெட்டை மாட்டி, செயினில் இரண்டு கண்ணியைக் கழற்றினாள். அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் எண்ணிப் பார்க்கவில்லை. பாங்கைத் தேடிப்போய், அவனுடைய முப்பத்தாறைக் கழற்றிவிடச் சொன்னாள். "என் வண்டி, என் வயிறு, அண்ணி. வேற எதாவது கேளுங்க" என்று அவன் குனிந்து வணங்கிவிட்டுப் போனான். அதற்கப்புறம் பாலத்து ஓட்டம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினாள்.

ஒன்பது வாரம் கைவண்டி இழுத்தாள். பிப்ரவரிக் கடைசியில் யாங் பெரியவர் ஒரு காலைச் சற்று இழுத்து இழுத்து நடந்து வந்து, கைப்பிடியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். "போ, உன் கடையைப் பாரு. துரு பிடிச்சிருக்கும்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இன்றைக்கும் ஈரநாளில் அவர் நடை தூரத்திலிருந்தே தெரியும். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்வாள்.

சங்டோ மார்ச்சில் மறுபடியும் வண்டி எடுத்தான். வேகமாகத்தான் ஓட்டினான், ஆனால் பச்சை விழும்வரை காலை ஊன்றி நின்றான். வீட்டில் சாப்பிட்டான், பேசினான், போமி விடுமுறைக்கு வந்தபோது சிரித்தான். வண்டியை மட்டும் மனைவியிடம் விடவில்லை. தெருக்கோடியில் இருந்த வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். "ஏன் அண்ணே, வீட்டுல சண்டையா?" என்று ஆட்கள் கேட்டால், "அவளுக்கு வேலை ஜாஸ்தி" என்று சமாளித்தான். அவன் வண்டியில் எத்தனை பல் இருக்கிறது என்று மால்சுனுக்கு இப்போது தெரியாது. வாசலில் வண்டி நிற்கும்போது குனிந்து எண்ணிவிடலாம். எண்ணும் உரிமை தனக்கு இல்லை என்று அவள் நினைத்தாள்.

ஒன்றரை வருஷம் அப்படிப் போனது. ஒரு மழைநாளில் அந்த மெக்கானிக் கடை மூடியிருந்தது. சங்டோ நனைந்துகொண்டே வண்டியை உருட்டிவந்து அவள் கடைக்குள் நிறுத்தினான்.

"முன் பிரேக் பிடிக்க மாட்டேங்குது. அதை மட்டும் பாரு. பின்பக்கம் போகாத."

"போகல" என்றாள் மால்சுன்.

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்தான். அவள் பிரேக் கட்டைகளைக் கழற்றித் துடைத்தாள். அவன் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று விளக்கைச் சற்றுத் தன் கைகள் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.